சட்டி அறை நடை

கற்கண்டுப் பட்டறையில் எல்லா இடத்திலும் பேசலாம், ஓர் அறையில் தவிர.

பாகு காய்கிற கொட்டகையில் அடுப்பின் இரைச்சலுக்கு மேலே கத்தித்தான் பேசியாக வேண்டும். நூல் கட்டுகிற தாழ்வாரத்தில் ஊர்க்கதை பேசாமல் கை ஓடாது. ஆனால் கொட்டகைக்கு மேலே, மரப்படி ஏறி, சாக்குத் திரையை விலக்கிச் சட்டி அறைக்குள் காலை வைத்துவிட்டால் வாய் தானாக மூடிக்கொள்ளும். இருமல் வந்தால் வாயைப் பொத்திக்கொண்டு கீழே இறங்கி, இருமி முடித்துவிட்டு ஏறுவார்கள்.

நாங்கள் பட்டறையை ஒட்டிய வீட்டில் இருந்தோம். நடுவில் ஒரு சுவர்தான். அடுப்பைப் பற்றவைத்தால் எங்கள் சமையலறைச் சுவர் சுடும். பாகு பதம் ஏறும்போது தெருவே இனித்துக் கிடக்கும். அந்த வாசனையில் வளர்ந்தவர்களுக்குச் சர்க்கரை என்றால் ஆசையே இருக்காது. எனக்கு அங்கே பிடித்தது சட்டி அறையின் அமைதி. வேலை நடக்கிற அமைதி அது. நானே பலமுறை படியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

அறையின் தரை பலகை. கீழே இருக்கிற அடுப்பின் சூடு இடுக்குகள் வழியாக ஏறி அறையை வெதுவெதுப்பாக வைத்திருக்கும். இரண்டு வரிசையில் சட்டிகள். ஒவ்வொன்றிலும் குறுக்கே நூல்கள். கொதிக்கிற பாகை ஊற்றி, மூடி, சாக்கைச் சுற்றிவிட வேண்டும். பிறகு யாரும் தொடக்கூடாது. பாகு தன்னால் தாங்க முடிகிற அளவுக்கு மேல் சர்க்கரையைச் சுமந்துகொண்டு நிற்கிறது. சூடு மெல்ல மெல்லத் தணியும்போது அது சுமையை நூலின் மேல் ஒவ்வொரு துளியாக இறக்கிவைக்கும். அப்படி இறக்கியதுதான் கற்கண்டு. நடுவில் யாராவது தடாலென்று மிதித்தால், ஒரு சட்டி இன்னொன்றில் இடித்தால், பாகு பயந்துபோய்ச் சுமையைக் கண்ட இடத்தில் போட்டுவிடும். கட்டியாக வளர வேண்டியது பொடிப்பொடியாக அடியில் விழும். அதற்குக் குருணை என்று பெயர். குருணை விழுந்த சட்டியை மறுபடி கரைத்துக் காய்ச்சுவதைத் தவிர வழியில்லை.

அந்த அறையை ஆண்டவர் பாகுக்காரர். ஆள் வாட்டசாட்டம். பாகு காய்கிற கொப்பரையைத் தனியாக இறக்குவார். ஆனால் பலகைத் தரையில் அவர் நடப்பது யாருக்கும் கேட்காது. முதலில் விரல், பிறகு பாதத்தின் ஓரம், கடைசியாகத்தான் குதிகால். "மாமா நடந்தா எறும்புகூடத் திரும்பிப் பாக்காது" என்பான் கரண்டி. கரண்டி என்பது அவருடைய மனைவியின் தம்பி. ஒல்லியாக நீண்டு, தலை மட்டும் உருண்டையாக இருப்பதால் அந்தப் பெயர். அடுப்பும் கொப்பரையும் அவன் பொறுப்பு. நூல் கட்டுவதும், விளைந்த சட்டியைக் கழுவுவதும், உள்சுவரில் ஒட்டிக் காய்ந்ததைக் கரைத்து எடுப்பதும் மனைவியின் பொறுப்பு. அவரை நாங்கள் எல்லாரும் நூலக்கா என்போம்.

சட்டி விளைந்ததும் நூலோடு கற்கண்டைத் தூக்கிவிட்டு, மிச்சம் நிற்கும் பாகை வடிப்பார்கள். வடிபாகில் முதல் குவளை பாகுக்காரருக்கு. வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்ப்பார், தண்ணீர் கலந்து குடிப்பார். நன்றாக இருக்கிறது என்று சொன்னதே கிடையாது. பேசாமல் குவளையைக் கவிழ்த்து வைத்தால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு நாள் முழுவதும் ஒரு சொம்பு அவர் பக்கத்திலேயே இருக்கும்.

முதல் வலி ஒரு விடியற்காலையில் வந்தது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம் கேட்டது. அந்த மனிதரிடமிருந்து அப்படியொரு சத்தம் வரும் என்று நாங்கள் நினைத்ததில்லை. போய்ப் பார்த்தால் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார், வலது காலை நீட்டிக்கொண்டு. கட்டைவிரல் மூட்டு வீங்கிச் சிவந்து பளபளவென்று இருக்கிறது.

"எங்கயாவது இடிச்சுக்கிட்டீங்களா?" என்றார் நூலக்கா.

"படுக்குறப்போ நல்லாத்தான் இருந்துச்சு."

நூலக்கா போர்வையின் ஓரத்தை இழுத்துக் காலை மூடப் போனார்.

"எடு! எடு அதை! துணி படுறதே தாங்கல."

"துணியா வலிக்குது?"

"ஃபேனை நிறுத்து. காத்து படுது."

கரண்டி வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். "காத்து பட்டு வலிக்குற மனுசனை இன்னைக்குத்தான் பாக்குறேன் மாமா."

"டேய், உன்னை எழுந்து வந்து..." எழ முடியவில்லை.

சில நாளில் வீக்கம் வடிந்தது. மாதங்கள் கழித்து மறுபடி வந்தது. பிறகு இடைவெளி குறைந்துகொண்டே போனது. அவர் வெந்நீரில் காலை வைத்துப் பார்த்தார். கட்டினது எதுவானாலும் சூட்டில் இளகும் என்பது அவர் தொழில் கற்றுத்தந்த கணக்கு. சூடு பட்டதும் கால் இன்னும் கொதித்தது. அப்போதும் "சூடு பத்தல" என்றுதான் சொன்னார்.

வலியோடு அவர் படி ஏறினார், யார் சொல்லியும் கேட்கவில்லை. இடது காலில் முழு எடையையும் போட்டு, வலது காலை இழுத்து, மறுபடி இடது காலை ஊன்றினார். தொம். கொஞ்சம் பொறுத்து, தொம். எங்கள் சமையலறையில் தட்டு அதிர்ந்தது. அந்தத் தவணை ஊற்றிய சட்டிகளில் முன் வரிசை முழுவதும் குருணை விழுந்தது. பாகுக்காரர் கரண்டியைத் திட்டினார்: பதம் ஏறிப்போய்விட்டது, நீதான் கவனிக்கவில்லை. கரண்டி கொப்பரையை மறுபடி அடுப்பில் ஏற்றினான். அடுத்த தவணையிலும் விழுந்தது. இந்த முறை அவர் நூலைத் திட்டினார்.

நூலக்கா சட்டியின் அடியை விரலால் தடவி, ஒட்டிய பொடியைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, படியடியில் நின்றுகொண்டிருந்த கணவரிடம் போனார்.

"ஏங்க. நீங்க மேல வராதீங்க."

"என்ன?"

"கால் சரியாகுற வரைக்கும் சட்டி ரூமுக்குள்ள வராதீங்க."

கொட்டகையில் அடுப்பு இரைந்துகொண்டிருந்தது. கரண்டி கொப்பரையைக் கிளறுவதை நிறுத்திவிட்டான்.

"யாரைப் பாத்துச் சொல்ற?"

"உங்களைப் பாத்துத்தான். நீங்க நடக்குறது கேக்குது."

இதைவிடப் பெரிய வசவு அந்தப் பட்டறையில் இல்லை. பாகுக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் படியின் கைப்பிடியில் போட்டுவிட்டு வீட்டுக்குள் போனார். துண்டு அங்கேயே கிடந்தது. நூலக்கா அதை எடுக்கவும் இல்லை, யாரையும் எடுக்கவிடவும் இல்லை.

அறையை நூலக்காவே பார்த்துக்கொள்ளத் தொடங்கினார். எடை இல்லாத ஆள், நடை தானாக அமைந்தது. ஆனால் பாகை எந்தச் சூட்டில் ஊற்றுவது, சாக்கை எப்போது தளர்த்துவது எல்லாம் வேறு படிப்பு. முதல் தவணை சுமாராக வந்தது. கரண்டி வடிபாகின் முதல் குவளையைக் கீழே கொட்டகைக்குக் கொண்டுவந்து அக்காவிடம் நீட்டினான்.

"அங்க வை. அது உங்க மாமாவோடது."

"அவர்தான் மேலயே வரலியே."

"வருவார்ல. வை."

குவளை கொட்டகை ஜன்னல் விளிம்பில் இருந்தது. சாயங்காலம் நூலக்கா அதைத் திரும்பக் கொப்பரையில் ஊற்றினார். ஒவ்வொரு தவணையும் இப்படித்தான்.

தெரு சும்மா இருக்குமா? கட்டைவிரல் வீங்குகிறது என்றதும் டீக்கடைக்காரர் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார். "இது குடிக்கிறவங்களுக்கு வர்ற வியாதிப்பா. ஆள் அமுக்கமா இருந்திருக்காரு." கறி கறியாகத் தின்றால்தான் வரும் என்றார் இன்னொருவர். வாழ்நாளில் சாராயத்தை மோந்துகூடப் பார்க்காத மனிதர், வடிபாகுச் சொம்போடு உட்கார்ந்து அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

கடைசியில் கரண்டிதான் ஒருநாள் தன் ஸ்கூட்டரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். "மாமா, ஏறுங்க. மூட்டுக்குன்னே ஒரு டாக்டரம்மா இருக்காங்க. பாத்துட்டு வருவோம். நீங்க ஒண்ணும் குணமாக வேணாம், டீக்கடைக்காரன் வாயை அடைச்சாப் போதும்."

அன்று பாகு காய்ச்சுகிற நாள். நூலக்கா போக முடியவில்லை. திரும்பி வந்தபோது பாகுக்காரரின் முகத்தில் பல மாதங்களாக இல்லாத ஒரு வெளிச்சம் இருந்தது. காலை ஒரு முக்காலியில் தூக்கிவைத்துக்கொண்டார். சாப்பாட்டுத் தட்டு வந்தது. அதைத் தொடவில்லை.

"ஊசி போட்டு மூட்டுல இருந்து ஒரு சொட்டு எடுத்தாங்க" என்றார்.

"வலிச்சுச்சா?"

"அதை விடு. ஒரு கண்ணாடித் துண்டுல விட்டு, மைக்ராஸ்கோப்புல வெச்சு, பாக்குறீங்களான்னு கேட்டாங்க. பாத்தேன்."

நூலக்காவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"என்னதான் தெரிஞ்சுச்சு, சொல்லுங்களேன்."

"சரக்கு."

"என்ன சரக்கு?"

"நம்ம சரக்குதான், கற்கண்டு மாதிரி. ஊசி ஊசியா. ரெண்டு முனையும் கூர். ஒண்ணுகூட உடைசல் இல்ல. இப்படித் திருப்புனா மஞ்சள், அப்படித் திருப்புனா நீலம். நான் எத்தனை சட்டி வெச்சிருப்பேன்! அந்த மாதிரி சுத்தமா எனக்கு விழுந்ததே இல்ல."

கரண்டி தலையில் அடித்துக்கொண்டான். "டாக்டரம்மா மிரண்டுட்டாங்கக்கா. அவங்க வலி எப்படி இருக்குன்னு கேக்குறாங்க, இவர் எத்தனை நாள்ல வளந்துச்சுன்னு கேக்குறார்."

"கேக்கணும்ல? ரத்தத்துல யூரிக் ஆசிட்னு ஒண்ணு இருக்காம். எல்லாருக்கும் இருக்குமாம். கிட்னி அதை வெளிய தள்ளணும். எனக்குச் சரியாத் தள்ளலை. சேந்து சேந்து நிக்குது. அப்புறம் தாங்காம இறக்குது. உடம்புலயே கால் கட்டைவிரல்தான் சூடு கம்மியான எடமாம், அதான் அங்க போயி உக்காந்துக்குது. நான் சொன்னேன், பாகு முத்திப்போச்சுன்னு சொல்லுங்களேன்னு. அவங்க ஆமான்னுட்டாங்க."

"வேற ஏதோ வகை இருக்குன்னாங்களே மாமா."

"சுண்ணாம்புச் சத்து கட்டுறது. அது ஊசியா இருக்காது, கட்டை கட்டையா இருக்குமாம். வயசானவங்களுக்கு முழங்கால்ல வருமாம். வலி ஒரே மாதிரிதான், ஆனா வைத்தியம் வேற. அதனால கண்ணால பாக்காம சொல்ல மாட்டேன்னாங்க. நல்ல தொழில்காரி." அவர் தன் காது மடலைத் தொட்டுக் காட்டினார். அங்கே அரிசி அளவில் ஒரு வெள்ளை முடிச்சு இருந்தது. பல வருஷமாக அதை மரு என்று நினைத்திருந்தார்கள். "இதுவும் அதான். நாலஞ்சு வருஷமா வெச்ச சட்டி."

சிரித்தார். நூலக்கா சிரிக்கவில்லை.

"மருந்து?"

"இந்தா, வெள்ளை மாத்திரை. தினம் ஒண்ணு. பாகை இளக்கும்."

கொஞ்ச நாள் நன்றாகப் போனது. கைப்பிடியில் கிடந்த துண்டை ஒருநாள் தொட்டுக்கூடப் பார்த்தார். பிறகு ஒரு காலையில் கட்டைவிரலோடு முழங்காலும் சேர்ந்து பிடித்துக்கொண்டது. முன்பு வந்ததெல்லாம் இதற்கு ஒத்திகை போலிருந்தது. மாத்திரை அட்டையைத் தூக்கி மூலையில் வீசினார்.

"மருந்து போட்டதும் அதிகமாக் குருணை விழுந்தா என்ன அர்த்தம்? மருந்து தப்புன்னு அர்த்தம். எனக்கா பாகைப் பத்திச் சொல்லித் தர்றாங்க?"

"போய்க் கேட்டுட்டு வருவோம்."

"ஒண்ணும் வேணாம். இனிமே நான் கீழயே உக்காந்து மூட்டை தைக்கிறேன். சட்டி ரூமை நீயே வெச்சுக்க."

அப்போது நூலக்காவின் தவணைகள் நன்றாக விளையத் தொடங்கியிருந்தன. கட்டிகள் கண்ணாடி போல, விரல்கணு அளவுக்கு வந்தன. அவர் ஒரு நூலைக் கொண்டுவந்து கணவரின் கையில் கொடுப்பார். பாகுக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒரு குறையும் சொல்லாமல் திரும்பக் கொடுப்பார். நூலக்காவுக்கு அது போதும். ஆனால் அறை தனக்கே ஆகிவிடும் என்பதை மட்டும் அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. "அந்த ரூம் இல்லாம அவர் யாருன்னு அவருக்கே தெரியாதும்மா" என்று ஒருநாள் என் அம்மாவிடம் சொன்னார்.

மாத்திரையை வீசிய மறுநாள் நூலக்கா தாழ்வாரத்தில் சட்டி கழுவிக்கொண்டிருந்தார். உள்சுவரில் பாறையாக ஒட்டியிருக்கும் சர்க்கரையைச் சுரண்டக்கூடாது, சட்டி கீறிவிடும். நீர்த்த இளம்பாகை வெதுவெதுப்பாக ஊற்றிக் காத்திருக்க வேண்டும். நான் பக்கத்தில்தான் இருந்தேன். முதலில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு சுவரிலிருந்து ஒரு பாளம் சரிந்து மடாரென்று அடியில் விழுந்தது. தொடர்ந்து இன்னொன்று. உள்ளே ஒரே கலவரம்.

நூலக்காவின் கை அப்படியே நின்றது. சட்டிக்குள் பார்த்தபடி இருந்தார். மூன்றாவது பாளம் விழுந்தது. எழுந்து, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, விறுவிறுவென்று வீட்டுக்குள் போனார்; நானும் பின்னாலேயே போனேன். மூலையில் கிடந்த வெள்ளை மாத்திரை அட்டையைப் பொறுக்கி எடுத்தார். ஆணியில் தொங்கிய, டாக்டரிடம் போட்டுக்கொண்டு போன சட்டையைத் தடவினார். எதைத் தேடினார் என்று அவருக்கே தெரியாதாம். பையில் ஒரு சிறிய அட்டை இருந்தது. ஒரு மாத்திரைகூடப் பிரிக்கப்படவில்லை.

"இது என்னங்க?"

பாகுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கேக்குறேன்ல. இது என்ன மாத்திரை?"

"அதுவும் குடுத்தாங்க."

"எதுக்கு?"

"எதோ காவலுக்காம். சரியாக் காதுல வாங்கலை. நான் அந்த மைக்ராஸ்கோப்பையே பாத்துக்கிட்டிருந்தேன்."

"கரண்டி என்ன பண்ணுனான்?"

"அவன் வண்டி எடுக்கப் போயிட்டான்."

"சரி, குடுத்ததை ஏன் முழுங்கலை?"

பாகுக்காரர் தலையை நிமிர்த்தி, தொழிலைப் பேசுகிற குரலில் சொன்னார்: "ஒரு பாகுக்கு ஒரு மருந்துதான். அழுக்கெடுக்கப் பால் விட்டா சுண்ணாம்புத் தண்ணி விடக்கூடாது. ரெண்டு விட்டா ஒண்ணை ஒண்ணு கெடுத்துரும். இது தெரியாதா உனக்கு?"

நூலக்கா அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் கட்டிலின் ஓரத்தில், கால் படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தார்.

"நீங்க எவ்வளவு பெரிய தொழில்காரர்னு எனக்குத் தெரியும். உங்க மாதிரி சட்டி வெக்க இந்தப் பக்கத்துல ஆள் இல்ல. ஆனா உங்களுக்கு வளக்கத்தான் தெரியும். ஒட்டுனதைக் கரைக்கிறது யாரோட வேலை? கல்யாணம் ஆன நாள்ல இருந்து யாரோட வேலை?"

பாகுக்காரர் தாழ்வாரத்துப் பக்கம் பார்த்தார்.

"என் வேலை. ஒருநாளாவது வந்து உக்காந்து பாத்திருக்கீங்களா? இளம்பாகு ஊத்துனதும் அது நைசா கரைஞ்சு போயிடும்னு நெனச்சீங்களா? முதல்ல புடி விடும். பாளம் பாளமா விழும். மடார் மடார்னு சத்தம் கேக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பயந்து ஊத்துறதை நிறுத்துனா சட்டி அப்படியே கெடக்கும். உங்க கால்ல இப்ப விழுறது அதான்னு தோணுது எனக்கு. புதுசா கட்டுறது இல்ல. பழசு புடி விடுது."

"தோணுதா? உனக்கென்ன டாக்டர்னு நெனப்பா?"

"இல்ல. அதனாலதான் அவங்களையே போய்க் கேப்போம்ங்கிறேன். ரெண்டு அட்டையையும் எடுத்துக்கிட்டு. இந்தத் தடவை நான் வர்றேன். அடுப்பு ஒருநாள் அணைஞ்சு கெடக்கட்டும்."

அந்தப் பட்டறையின் அடுப்பு அணைந்த நாளை அதற்கு முன் நாங்கள் பார்த்ததில்லை. எங்கள் சமையலறைச் சுவர் குளிர்ந்திருந்தது.

டாக்டரம்மா இரண்டு அட்டைகளையும் மேஜையில் வைத்துப் பார்த்துவிட்டு, "யாரு சொன்னது ரெண்டு சேக்கக்கூடாதுன்னு?" என்றாராம். பாகுக்காரர் பால், சுண்ணாம்புத் தண்ணீர் விவரத்தைச் சொன்னார். டாக்டரம்மா சிரிக்காமல் முழுவதையும் கேட்டார்.

"உங்க தொழிலுக்கு அது சரியா இருக்கும். இங்க ரெண்டுக்கும் வேற வேற வேலை. வெள்ளை மாத்திரை ரத்தத்துல இருக்கறதைக் குறைக்கும். குறைய ஆரம்பிச்சதும் மூட்டுல உக்காந்திருக்கறது அசையும். அசைஞ்சா வலி வரலாம். வராம இருக்கத்தான் கூடவே சின்ன மாத்திரை, முதல் சில மாசத்துக்கு. அன்னைக்கே சொன்னேனே."

"மைக்ராஸ்கோப்புல ஊசியைப் பாத்துக்கிட்டிருந்தாராம்" என்றார் நூலக்கா. பிறகு சட்டிச் சுவரில் பாளம் விழுவதைச் சொல்லி, அது சரிதானா என்று கேட்டார்.

"கிட்டத்தட்ட அதேதான். ஆனா உங்க சட்டி ஒருநாள்ல சுத்தமாயிடும். இவருக்கு வருஷம்கூட ஆகலாம். ரத்தத்தைப் பாத்துப் பாத்து மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாக் கூட்டுவேன். அளவு ஆறுக்குக் கீழ போகணும், போயி அங்கயே நிக்கணும். வலி வந்தாலும் வெள்ளை மாத்திரையை நிறுத்தாதீங்க. உடம்புல தடிப்பு ஏதாவது வந்தா மட்டும் உடனே நிறுத்திட்டு என்கிட்ட வந்துடணும். வீங்குறப்போ வெந்நி வேணாம், குளுந்த துணி போடுங்க."

"குளுந்தா இன்னும் கட்டுமே" என்றார் பாகுக்காரர்.

"எரியுற அடுப்பை மொதல்ல அணைப்போம். கரைக்கிற வேலையை மாத்திரை பாத்துக்கும்." பிறகு கேட்டார்: "குடிப்பீங்களா?"

பாகுக்காரர் நாற்காலியிலிருந்து எழப் போனார். நூலக்கா முந்திக்கொண்டார். "சாராயம் தொட மாட்டார். ஆனா தினம் ஒரு சொம்பு வடிபாகுத் தண்ணி குடிப்பார்."

"சர்க்கரைத் தண்ணியா? தினமுமா? அதுவும் இதைக் கூட்டும். நிறுத்திடுங்க. வெறும் தண்ணி நிறையக் குடிங்க."

பாகுக்காரர் தன் கைகளைப் பார்த்தார். "அப்போ டீக்கடைக்காரன் சொன்னது சரிதான். குடிச்சுத்தான் வந்துச்சு."

"அதனால மட்டும் வரல. பாதிக்கு மேல பிறவியிலயே வர்றது. உங்க கிட்னி கொஞ்சம் கஞ்சம். எதையும் வெளிய விடாது."

"ஆளைப் போலவே" என்றார் நூலக்கா. அப்போதுதான் டாக்டரம்மா சிரித்தார். பாகுக்காரரும் சிரித்துவிட்டார் என்று நூலக்கா சொன்னதை நாங்கள் முதலில் நம்பவில்லை.

அதன் பிறகு சொல்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. மாத்திரைகள், ரத்தப் பரிசோதனை, மறுபடி மாத்திரைகள். நடுவில் ஒருமுறை வலி எட்டிப் பார்த்தது. கட்டிலில் கிடந்தபடி, "விழுதுடி, பாளம் விழுது" என்று கத்தினார். நூலக்கா ஈரத்துணியோடு ஓடினார். பக்கத்து வீட்டில் கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்கு அது வலியின் சத்தம் போலவே தெரியவில்லை. அடுப்படியில் வேலை ஏவுகிற குரல் போலிருந்தது. பகலெல்லாம் தாழ்வாரத்தில் உட்கார்ந்து, மனைவி சட்டி கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். எவ்வளவு இளம்பாகு, எவ்வளவு சூடு என்று கேட்பார். அவர் ஒருவரிடம் கேள்வி கேட்டு நாங்கள் பார்த்தது அப்போதுதான். காதிலிருந்த முடிச்சு மெல்ல மெல்லச் சிறுத்து, ஒருநாள் தடவினாலும் தெரியாமல் போனது.

ரத்தத்தில் அளவு ஆறுக்குக் கீழே இறங்கி நிற்கிறது என்று டாக்டரம்மா சொல்லிச் சில மாதம் கழித்து, ஒரு காலை வேளையில் பாகுக்காரர் படியடிக்கு வந்தார். கைப்பிடியில் கிடந்த துண்டு வெளுத்துப் புகையேறிப் போயிருந்தது. அதை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"இப்ப உள்ள எப்படி இருக்கு?" என்றார் மனைவியிடம்.

"பின் வரிசை இன்னைக்கு எடுக்கணும். முன் வரிசை நேத்து ஊத்துனது."

நேற்று ஊற்றியது என்றால் தொட்டால் குருணை விழுகிற பருவம். கரண்டி அக்காவைப் பார்த்தான். நூலக்கா படியை விட்டு விலகி வழிவிட்டார்.

அவர் ஏறினார். திரை விலகி மூடிக்கொண்டது. நூலக்காவும் கரண்டியும் கீழே கொட்டகையில் பலகைக்கு நேரே நின்று, முகத்தை அண்ணாந்து காதைக் கொடுத்தார்கள். நான் தாழ்வாரத்தில் மூச்சைப் பிடித்தபடி நின்றேன். அடுப்பு மட்டும் எரிந்தது. ஒரு தொம் கேட்டால் போதும், எல்லாம் முடிந்தது.

ஒன்றும் கேட்கவில்லை.

"மாமா இன்னும் வாசல்லயே நிக்கிறார் போல" என்று கிசுகிசுத்தான் கரண்டி. "பாவம்க்கா, பயந்துட்டார்."

மேலே திரை விலகியது. பாகுக்காரர் எட்டிப் பார்த்தார். கையில் பின்கோடிச் சட்டியின் நூல், அதில் கொத்தாகக் கட்டிகள். அறையின் மறுகோடி வரை போய்த் திரும்பியிருந்தார். வாயசைக்காமல், தலையை மட்டும் ஆட்டி அவர்களை மேலே கூப்பிட்டார்.

நூலக்கா ஏறும்போது படியில் ஒருகணம் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டதைக் கரண்டி பார்த்திருக்கிறான். சூடு என்று சொன்னாராம்.

பின் வரிசையை எடுத்தார்கள். வடித்தார்கள். கரண்டி பழக்கத்தில் முதல் குவளையை மாமாவிடம் நீட்டிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். பாகுக்காரர் குவளையை வாங்கினார். ஜன்னலுக்கு நேரே பிடித்து நிறம் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு திரும்பி அதை மனைவியின் முன்னால் நீட்டினார்.

நூலக்கா வாங்கவில்லை. புருவத்தை உயர்த்தி, குரலே எழாமல் கேட்டார்: "உங்களுக்கு ஆகாதுன்னுதான் எனக்குக் குடுக்குறீங்களா?"

சட்டி அறையில் பேச்சு கிடையாது. அத்தனை வருஷத்தில் அவர் அங்கே வாய் திறந்து யாரும் கேட்டதில்லை.

"இல்ல" என்றார் பாகுக்காரர், தெருவில் பேசுகிற முழுக்குரலில். "நீ வளத்த சரக்கு."

கரண்டி பதறிப்போய் முன் வரிசையைப் பார்த்தான். ஒரு சட்டியும் அசையவில்லை. நூலக்கா குவளையை வாங்கி, நிறம் பார்த்து, நின்றபடியே குடித்தார். குடித்து முடித்து, ஒரு வார்த்தையும் சொல்லாமல், அதைக் கவிழ்த்து வைத்தார்.